டைனமோ காலத்துக் கையும் ஆல்டர்னேட்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரோட கார் ஷெட்டில் நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல எட்டிப் பார்த்துட்டார்.

நண்பரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு. 1960களில் நம்ம மெட்ராஸிலேயே தயாரான வண்டி. ரெண்டு வருஷமா அதைக் கொஞ்சம் கொஞ்சமா சீர் பண்ணிட்டு வர்றார். அன்னைக்கு எஞ்சின் அழகா ஓடிக்கிட்டு இருந்தது. "சார்ஜ் ஏறுதான்னு பார்த்துடுவோம்"னு சொல்லிக்கிட்டே ஸ்பேனரை எடுத்து பேட்டரி டெர்மினல்ல வச்சார். "கையை எடுங்க!"ன்னு நான் கத்தினது அப்பத்தான்.

"என்னய்யா, எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தானே பார்க்கிறோம்? டெர்மினலைக் கழட்டினதும் எஞ்சின் நின்னா சார்ஜ் இல்லை, ஓடினா சார்ஜ் இருக்கு"ன்னார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அவங்கப்பா காலத்துல அப்படித்தான் பார்த்தாங்க. ஆனா அப்போ அந்த வண்டியில இருந்தது டைனமோ. இப்போ இருக்கிறது ஆல்டர்னேட்டர். பானெட்டுக்குள்ள மிஷின் மாறிடுச்சு, கைப்பழக்கம் மாறலை. இந்தப் பதிவு அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வரலாற்றைப் பத்தி. நான் ஏன் அவ்வளவு சத்தம் போட்டேன்ங்கிறதைக் கடைசியில சொல்றேன்.

முதலில் வந்தது ஏசிதான்

பலருக்கு ஒரு நினைப்பு இருக்கு. டைனமோ டிசி கரண்ட்டை உண்டாக்குது, ஆல்டர்னேட்டர் ஏசி கரண்ட்டை உண்டாக்குதுன்னு. உள்ளே போய்ப் பார்த்தா ரெண்டுமே ஏசிதான். காந்தப் புலத்துல ஒரு காயில் சுத்தினா அரைச் சுற்றுக்கு ஒரு திசை, அடுத்த அரைச் சுற்றுக்கு எதிர்த் திசைன்னுதான் மின்சாரம் வரும். 1831இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிச்சார். அடுத்த வருஷமே பாரிஸில் பிக்ஸி என்கிற கருவி செய்பவர் கையால் சுத்துற மிஷின் ஒண்ணு செஞ்சார். அதுல வந்த கரண்ட் திசை மாறி மாறி வந்தது. அன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது பேட்டரி கரண்ட்தான். திசை மாறும் கரண்ட்டை வச்சு என்ன பண்றதுன்னு யாருக்கும் புரியலை. ஆம்பியர் சொன்ன யோசனைப்படி, திசை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒயரை மாத்திக் கொடுக்கிற ஒரு சாதனத்தைச் சேர்த்தார். அதுதான் கம்யூட்டேட்டரோட ஆரம்பம்.

கார் டைனமோவிலும் அதே சங்கதிதான். சுத்துற ஆர்மேச்சர்ல ஏசி பிறக்குது. கம்யூட்டேட்டரோட செம்புப் பட்டைகளும், அதை உரசிக்கிட்டு நிக்கிற கார்பனும் அதை டிசியா மாத்தி வெளியே அனுப்புது. அதாவது, திருப்புற வேலையைச் செய்யறது செம்பும் கரியும். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

ஹேண்டில் போட்ட காலம் முடிஞ்சது

ஆரம்ப காலக் கார்களுக்குப் பேட்டரி பெரிசாத் தேவைப்படலை. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணுவாங்க, பொறிக்கு மேக்னட்டோ, வெளிச்சத்துக்கு கார்பைடு விளக்கு. 1912ஆம் வருஷ காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைச்ச செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தப்ப எல்லாம் மாறிடுச்சு. செல்ஃப் வந்தா பேட்டரி வேணும், பேட்டரி வந்தா அதுக்கு ஓடிக்கிட்டே சார்ஜ் ஏத்த ஒரு மிஷின் வேணும். அந்த வேலைக்கு டைனமோ உட்கார்ந்துச்சு. ஏறக்குறைய அம்பது வருஷம் எழுந்திருக்கவே இல்லை.

இங்கிலாந்து வண்டிகளில் அது பெரும்பாலும் லூகாஸ் டைனமோ. ஜோசஃப் லூகாஸ் பர்மிங்ஹாமில் மண்ணெண்ணெயும் விளக்கும் விற்றுத் தொழிலை ஆரம்பிச்சவர். பிற்காலத்துல அந்தக் கம்பெனி சாமான்களைப் பத்தி 'இருட்டின் இளவரசன்'னு பழைய கார்க்காரங்க கிண்டல் பண்றது உலகப் பிரசித்தம் :-) நமக்கும் இந்தப் பேரோட உறவு உண்டு. நம்ம அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையோட மறுபிறவி. ஹெரால்டும் அங்கிருந்து வந்த வண்டிதான். 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கினாங்க. நம்ம ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பல பேருக்கு முதல் பாடம் இந்த மாதிரி டைனமோவிலதான்.

டைனமோ ஏன் தோத்தது?

லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் கொடுக்கிறது 22 ஆம்பியர். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்துல ஓடினாத்தான். சிக்னல்ல நின்னா ஒண்ணும் கிடையாது, பேட்டரியிலிருந்துதான் செலவு. ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன்னு எல்லாம் சேர்ந்தா மழைக்கால ராத்திரியில மெதுவாப் போற வண்டிக்கு வரவை விடச் செலவு ஜாஸ்தி.

"டைனமோவை இன்னும் வேகமாச் சுத்த விட்டா என்ன?"ன்னு கேட்கலாம். முடியாது. மொத்தக் கரண்ட்டும் பிறக்கிறது சுத்துற ஆர்மேச்சர்ல. அதுல கனமான செம்புச் சுற்றுகள் இருக்கு. ரொம்ப வேகமாச் சுத்தினா அந்தச் சுற்றுகள் பிய்ச்சுக்கிட்டு வெளியே வரப் பார்க்கும். அதோட முழுக் கரண்ட்டும் கார்பன் வழியாவே வெளியே வரணும். கரண்ட் ஏற ஏறப் பொறி பறக்கும், கம்யூட்டேட்டர் கருகும்.

ஆல்டர்னேட்டர் இதை அப்படியே தலைகீழாத் திருப்பிப் போட்டுச்சு. கரண்ட் பிறக்கிற கனமான சுற்றுகள் வெளிக்கூட்டுல அசையாம இருக்கு. உள்ளே சுத்துறது காந்தம் மட்டும். அந்தக் காந்தத்துக்கு ரெண்டு மூணு ஆம்பியர் போதும். அதைக் கொடுக்கத்தான் ரெண்டு சின்ன கார்பன், ரெண்டு வழவழப்பான வளையம். பொறியும் குறைவு, தேய்மானமும் குறைவு. நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலயும் தாங்கும். அதனால சின்ன புல்லி போட்டு எஞ்சினை விட வேகமாச் சுத்த விடலாம், வண்டி நின்னுக்கிட்டு இருந்தாலும் சார்ஜ் ஏறும்.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் அம்பது வருஷம் காத்திருந்துச்சு? சுத்தாத காயில்ல கம்யூட்டேட்டர் வைக்க முடியாதே. ஏசியை டிசியா மாத்த வேற வழி வேணும். செலினியம் தட்டுகள் இருந்துச்சு, ஆனா இடத்தை அடைக்கும், சூடாகும். 1940களிலேயே லீஸ்-நெவில் மாதிரி கம்பெனிகள் அமெரிக்காவில் போலீஸ் கார், பஸ் மாதிரி கரண்ட் அதிகம் இழுக்கிற வண்டிகளுக்கு அப்படிப்பட்ட ஆல்டர்னேட்டர்களைக் கொடுத்தாங்க. சாதாரணக் காருக்கு அது கட்டுப்படியாகலை.

வழி விட்டது சிலிக்கான் டயோடு. கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் போக விடுற, சுண்டு விரல் நுனி அளவு சாமான். ஆறு டயோடு போதும், மூணு ஃபேஸ் ஏசி முழுக்க டிசி ஆயிடும். 1960இல் கிறைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் இதைப் போட்டது. அடுத்த சில வருஷத்துல மத்த அமெரிக்கக் கம்பெனிகளும் வந்துட்டாங்க. இங்கிலாந்தில் 1964இல் வந்த 4.2 லிட்டர் ஜாகுவார் இ-டைப்பில் லூகாஸ் 11ஏசி ஆல்டர்னேட்டர் இருந்தது. எம்ஜிபி கார் 1962இல் டைனமோவோட பிறந்தது. 1967 கடைசியில வந்த ரெண்டாம் வடிவத்துலதான் ஆல்டர்னேட்டருக்கு மாறினது. கூடவே இன்னொண்ணும் மாறிச்சு. அதுவரை பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியோட சேர்ந்திருந்தது. இனிமே நெகட்டிவ் முனை.

இப்ப முன்னாடி சொன்னதைத் திரும்பப் பாருங்க. டைனமோவில் கரண்ட்டைத் திருப்புறது செம்பும் கரியும். ஆல்டர்னேட்டரில் சிலிக்கான். செம்பு ஒரு அதிர்ச்சி வந்தாச் சூடாகும், பொறி விடும், பொறுத்துக்கும். சிலிக்கான் தாங்கக்கூடிய வோல்ட்டேஜைத் தாண்டினா கண் சிமிட்டுற நேரத்துல செத்துப் போகும். ஆல்டர்னேட்டரை ஜெயிக்க வச்சதும் டயோடுதான், அதோட பலவீனமும் டயோடுதான்.

உங்க வண்டியில இருக்கிறது எது?

பழைய வண்டியில் வெளியே என்ன மாடல்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. இத்தனை வருஷத்துல யாராவது மாத்தியிருப்பாங்க. எஞ்சினை நிறுத்திட்டு, ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து பாருங்க.

ஃபேன் பெல்ட் சுத்துற இடத்துல, ஒல்லியா நீளமா மூடின உருளை இருந்தா டைனமோ. குட்டையா குண்டா, சுத்திலும் காத்துத் துவாரம் வச்சு, உள்ளே செம்புச் சுற்று தெரிஞ்சா ஆல்டர்னேட்டர்.

லூகாஸ் டைனமோன்னா பின்பக்கம் ரெண்டே முனை: பெரிசு டி, சின்னது எஃப். அங்கிருந்து ஒயர் கட்-அவுட் பெட்டிக்குப் போகும். ஆல்டர்னேட்டர்ல ரெகுலேட்டர் உள்ளேயே இருந்தா அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. ஆனா மாத்தினவங்க பல பேர் பழைய பெட்டியைக் கழட்டாம அதையே ஒயர் சேர்க்கிற இடமா வச்சிருப்பாங்க. அதனால பெட்டி இருக்கிறதை வச்சு டைனமோன்னு முடிவு கட்டாதீங்க.

லூகாஸ் ஆல்டர்னேட்டர்கள்ல 10ஏசி, 11ஏசி மாதிரி 'ஆர்' இல்லாத பேருக்கு ரெகுலேட்டர் தனியா வெளியே இருக்கும். 16ஏசிஆர், 17ஏசிஆர், 18ஏசிஆர்னு கடைசியில 'ஆர்' வந்தா உள்ளேயே இருக்கும். 16ஏசிஆர் 34 ஆம்பியர், 17ஏசிஆர் 36, 18ஏசிஆர் 45. டைனமோ காலத்து ஒயரும் அம்மீட்டரும் இவ்வளவு கரண்ட்டை நினைச்சுப் போட்டதில்லை. டைனமோவை மாத்தி ஆல்டர்னேட்டர் போட்டிருந்தா அந்தப் பெரிய ஒயரையும் கனமா மாத்தினாங்களான்னு பாருங்க. தொட்டுப் பார்த்து ஒயர் சூடா இருந்தா, இல்லை மேல்தோல் இளகி இருந்தா, மத்த வேலையெல்லாம் அப்புறம். முதல்ல அதை மாத்துங்க. கார் எரியறது இப்படித்தான்.

கடைசியா, எந்த கேபிள் பாடிக்குப் போகுதுன்னு பாருங்க. பேட்டரி மேல இருக்கிற பிளஸ், மைனஸ் குறியை வச்சுப் பாருங்க, கேபிள் நிறத்தை நம்பாதீங்க. பழைய பிரிட்டிஷ் வண்டியில பாசிட்டிவ் எர்த்தா இருந்தா, அது தெரியாம இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணப் போறது ஆபத்து.

மூணு பழைய பழக்கம்

டைனமோ காலத்து எலக்ட்ரீஷியன்கள் கையில் மூணு வித்தை உண்டு. மூணும் டைனமோகிட்ட செல்லுபடியாகும், ஆல்டர்னேட்டரைக் கொல்லும்.

ஒண்ணு, எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டுறது. ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு நிறைய ஆம்பியர் கொடுத்துக்கிட்டு இருக்கு. திடீர்னு அந்த வழியை அடைச்சா, உள்ளே இருக்கிற காந்தம் உடனே அடங்காது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வோல்ட்டேஜ் எகிறும். 12 வோல்ட் வண்டியில நூறைக்கூடத் தொடலாம். டயோடும் ரெகுலேட்டரும் போச்சு.

ரெண்டு, ஒயரைக் கழட்டி பாடியில தட்டி ஸ்பார்க் பார்க்கிறது. ஆல்டர்னேட்டரோட பெரிய முனை நேரா பேட்டரியோட சேர்ந்தது, சாவியை எடுத்தாலும் அதுல கரண்ட் இருக்கும். தட்டினா நீங்க பார்க்கிறது பேட்டரியோட மொத்த பலத்தையும்.

மூணு, டைனமோ கழட்டி மாட்டினதும் ஃபீல்டு முனைக்கு பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரண்ட் கொடுத்து எடுக்கிறது. டைனமோவுக்குத் துருவம் சரியா வர அது நிஜமாவே வேணும். ஆல்டர்னேட்டருக்கு வேண்டாம். அதுக்கு ஆரம்பக் கரண்ட் டாஷ்போர்டுல இருக்கிற சிவப்பு சார்ஜ் விளக்கு வழியாவே போகும். ஏசிஆர் மாதிரி ஆல்டர்னேட்டர்ல அந்த பல்ப் ஃபியூஸ் ஆனா ஸ்டார்ட் பண்ணினதும் சார்ஜ் ஏறாமலே போகலாம். பத்து ரூபா பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாத்தினவங்க உண்டு.

இதோட, வீட்டுக் கரண்ட்டுல சீரியஸ் பல்ப் வச்சு ஆல்டர்னேட்டரை சோதிக்கிறதும், மெகர் வைக்கிறதும் வேண்டவே வேண்டாம்.

அப்ப எப்படித்தான் பார்க்கிறது?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடாம சில மணி நேரம் நின்ன பிறகு நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்த்தா 13.8லிருந்து 14.5க்குள் இருக்கணும். ஹெட்லைட்டைப் போட்டாலும் ரொம்ப இறங்கக் கூடாது. 13ஐத் தாண்டலைன்னா சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும். சேலை, துப்பட்டா, தோள்ல துண்டு எதுவும் பெல்ட் பக்கம் வரக்கூடாது. மோதிரம், வாட்ச் கழட்டி வைங்க. பேட்டரியிலிருந்து வர்ற வாயு தீப்பிடிக்கும், பக்கத்துல பீடி, சிகரெட் கூடாது.

ஆல்டர்னேட்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, எஞ்சினை நிறுத்திட்டு, பாடியோட சேர்ற கேபிளை முதல்ல கழட்டுங்க. மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டுங்க. இந்த வரிசையில செஞ்சா ஸ்பேனர் பாடியில பட்டாலும் பொறி வராது.

பெல்ட்டோட நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினா அரை அங்குலம் இறங்கணும். லூசா இருந்தா வழுக்கும், கீச்சுனு கத்தும். ரொம்ப இறுக்கினா பேரிங் போகும். இறுக்க நெம்பும்போது புல்லி பக்கத்து மூடியில மட்டும் நெம்புங்க, நடு உடம்புல கம்பியை வைக்காதீங்க.

எஞ்சினை டீசல் அடிச்சுக் கழுவுறப்ப ஆல்டர்னேட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் பை கட்டுங்க. பாடியில வெல்டிங் வைக்கிறதா இருந்தா பேட்டரி, ஆல்டர்னேட்டர் ரெண்டோட ஒயரையும் கழட்டிடுங்க. அடியோட இறங்கின பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டு மாட்டுங்க, அந்தப் பாரத்தை ஆல்டர்னேட்டர் தலையில ஏத்தாதீங்க. ஆல்டர்னேட்டரைப் பிரிச்சு டயோடு, கார்பன் மாத்துறதை மட்டும் அந்த வேலை தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க.

முக்கியமா, சாவியைத் திருப்பினதும் சார்ஜ் விளக்கு எரியணும், எஞ்சின் ஓடினதும் முழுசா அணையணும். லேசா மினுங்கிக்கிட்டே இருந்தா ஒரு டயோடாவது போயிருக்க வாய்ப்பு இருக்கு.

நான் ஏன் கத்தினேன்

எங்க அப்பா பி.எஃப். லோன் போட்டு ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். டைனமோ வண்டி. 1989இல் அதைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போட்டார். வீட்டுல அதுக்கு ஒரு சின்ன பூஜையே நடந்தது.

1991இல் நான் காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்தேன். மெக்கானிக் கடையில உட்கார்ந்து உட்கார்ந்து ஒண்ணு ரெண்டு கத்துக்கிட்ட திமிர். ஒரு சாயங்காலம் குடும்பத்தோட திருச்சியிலிருந்து மதுரைக்குக் கிளம்பினோம். கிளம்புறதுக்கு முன்னாடி, "சார்ஜ் செக் பண்றேம்ப்பா"ன்னு டெர்மினலைக் கழட்டி மாட்டினேன். எஞ்சின் நிக்கலை. "பார்த்தீங்களா, சூப்பர்"ன்னேன். அப்பா பெருமையாச் சிரிச்சார். டாஷ்போர்டுல சிவப்பு விளக்கு லேசா மினுங்கினதை ரெண்டு பேரும் கண்டுக்கலை.

விராலிமலை தாண்டி ஹெட்லைட் மஞ்சளாச்சு. அப்புறம் சிவப்பாச்சு. அப்புறம் எஞ்சினும் நின்னுச்சு. ரோட்டோரத்துக்குத் தள்ளுறதுக்குள்ள பின்னாடி வந்த லாரி கடைசி நேரத்துல ஒடிச்சுத் திருப்பி ஒரு கை தூரத்துல போச்சு. பின் சீட்டுல அம்மாவும், காய்ச்சலோட என் தங்கச்சியும்.

அப்பா அந்த வருஷமே வண்டியை வித்துட்டார். "டைனமோ இருந்தவரைக்கும் ஒரு தடவை நடுவழியில விட்டதில்லை. ஆல்டர்னேட்டர் எல்லாம் ஏமாத்து வேலைடா"ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். அது என் கை செஞ்ச வேலைன்னு எனக்குப் புரிஞ்சப்ப அவர் இல்லை.

நண்பர் இப்ப ஷெட்டு சுவத்துல ஆணி அடிச்சு ஒரு மல்டிமீட்டரைத் தொங்க விட்டிருக்கார். அன்னைக்கு ஹெரால்டுல 14.2 காட்டுச்சு.